சிமிகோட்டுக்கு நாலு பேர்

சிங்கப்பூர் தேக்கா உணவங்காடியில் ஞாயிற்றுக்கிழமை காலை மேசை பிடிப்பதும் இமயமலையில் விமானம் இறக்குவதும் ஏறக்குறைய ஒரே மாதிரி வேலை. நேரத்தோடு வர வேண்டும், இடத்திலிருந்து கண்ணை எடுக்கக் கூடாது. வித்யா ஒன்பது மணிக்கே வந்து, காலியாக இருந்த மூன்று நாற்காலிகளுக்கு முன்னால் மூன்று டிஷ்யூ பொட்டலங்களை வைத்து இடம் பிடித்திருந்தாள். பக்கத்தில் அவள் பெரியம்மா விசாலாட்சி கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எந்த நேரமும் எழுந்து போய்விடத் தயாரான உட்கார்வு.

"நீங்க பேசவே வேணாம் பெரியம்மா. பிளானை மட்டும் ஒரு தடவை பாருங்க. எங்க குரூப்புக்கு பிளானே கிடையாது."

வித்யா பல் மருத்துவமனையில் தாதி. வாரத்தில் ஆறு நாள் மற்றவர்கள் வாயைப் பார்ப்பவள், ஏழாவது நாள் கணினியில் விமானம் ஓட்டுவாள். அவளைப் போல இன்னும் மூன்று பேர். சிமுலேட்டர் குழு என்று வாட்ஸ்அப்பில் பெயர். அதை விளையாட்டு என்று சொன்னால் நான்கு பேருக்கும் கோபம் வரும். இந்த முறை நேபாள மலைகளுக்கு மேலே ஒரு குழுப் பயணம் போவதாக இருந்தார்கள்.

விசாலாட்சிக்கு அறுபது வயது. இருபத்து நான்கு வருடம் சிராங்கூன் சாலையில் ஒரு பயண நிறுவனத்தின் டூர் லீடராக இருந்தவர். பத்துமலை, பினாங்கு, கேமரன் மலை என்று நாற்பத்து நான்கு இருக்கை பஸ்ஸில் கையில் மைக்கும் கழுத்தில் விசிலுமாகப் போய் வந்தவர். பதினாறு வருடத்துக்கு முன்னால் அதை விட்டுவிட்டார். இப்போது ஒரு மருந்தகத்தின் முன்மேசையில் வேலை. அங்கே நோயாளிகளை எண் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். பெயர் சொல்லிக் கூப்பிடுகிற மருந்தகத்தில் வேலை கிடைத்தும் அவர் போகவில்லை.

முதலில் அசோக் வந்தான். லிஃப்ட் பழுது பார்ப்பவன். புதுக்கோட்டையிலிருந்து வந்து ஏழு வருடம், பூன் லேயில் வாடகை அறை. குழுவிலேயே நன்றாக ஓட்டுபவன் யார் என்று கேட்டால் அவனே பதில் சொல்லிவிடுவான். அடுத்து தங்கராஜு, ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர். விமானத்தையும் பஸ் மாதிரியே ஓட்டுவார். யாரையும் முந்த மாட்டார், வளைவுக்கு முன்னால் வேகத்தைக் குறைப்பார்.

கடைசியாக முகைதீன் வந்தார். முப்பது வருடம் தேக்கா சந்தையில் மசாலாக் கடை நடத்திவிட்டு, மருமகனிடம் கொடுத்தவர்.

விசாலாட்சி எழுந்து நின்றுவிட்டார்.

"அட, விசாலாட்சியம்மா! என்னைத் தெரியுதா?" என்றார் முகைதீன்.

தெரியாமல் இல்லை. பதினாறு வருடமாக எந்த பஸ்ஸைப் பார்த்தாலும் அவருக்கு இந்த முகம்தான் ஞாபகம் வந்தது.

"நான் போய் டீ வாங்கிட்டு வர்றேன்" என்று தங்கராஜு எழுந்தார். மேசையில் ஏற்கனவே ஐந்து டீ இருந்தது.

அந்தக் கதையை முகைதீன் கல்யாண வீடுகளில் சொல்லிச் சொல்லி லிட்டில் இந்தியாவில் பாதிப் பேருக்கு மனப்பாடம். கேமரன் மலையிலிருந்து திரும்பும் வழியில், யோங் பெங்குக்குப் பக்கத்தில் ஒரு நெடுஞ்சாலை ஓய்விடத்தில் பஸ் இருபது நிமிடம் நின்றது. அங்கிருந்த தொழுகை அறையில் முகைதீன் அஸர் தொழுதுவிட்டு வெளியே வந்தார். பஸ் இல்லை. அவருடைய பையும் நான்கு முட்டைக்கோஸும் சிங்கப்பூரை நோக்கிப் போய்க்கொண்டிருந்தன. அவர் ஒரு கோழி லாரியில் ஏறி ஜோகூர் வந்து சேர்ந்தார். கடப்பிதழ் சட்டைப்பையில் இருந்ததால் எல்லை தாண்டி வீடு வந்தார்.

கதையில் முகைதீன் சொல்லாத பகுதி ஒன்று உண்டு, அது அவருக்குத் தெரியாது. பஸ் கிளம்புவதற்கு முன்னால் விசாலாட்சி பெயர்ப் பட்டியலைப் படித்தார். 'முகைதீன்' என்றதும் பின்னாலிருந்து ஓர் ஆண் குரல் 'இருக்காரு' என்றது. டிக் போட்டார். நிறுவனம் விசாரித்தபோது, நாற்பத்து மூன்று பேரில் ஒருவரும் அப்படிச் சொன்னதாக ஒப்புக்கொள்ளவில்லை. முதல் வருடம், குரல் கேட்டது என்று விசாலாட்சி சாதித்தார். இரண்டாம் வருடம், கேட்ட மாதிரி இருந்தது என்றார். அப்புறம் பேச்சை எடுப்பதில்லை. இல்லாத குரலைக் கேட்கிறவளை நம்பி ஒரு பஸ்ஸை அனுப்பக் கூடாது என்பது அவர் தனக்குத்தானே எழுதிக்கொண்ட தீர்ப்பு.

"எனக்கு உங்க மேல கோபமே கிடையாதும்மா" என்றார் முகைதீன். "அந்தக் கோழி லாரிக்காரன் இன்னும் வருஷா வருஷம் ஹரி ராயா பெருநாள் வாழ்த்து அனுப்புறான். உட்காருங்க லா."

விசாலாட்சி உட்காரவில்லை. ஆனால் கிளம்பும் முன் ஒரு கேள்வி மட்டும் கேட்டார். பழக்கதோஷம்.

"போன தடவை எங்க போனீங்க?"

"பாப்புவா நியூகினி, அக்கா" என்றான் அசோக். "செம மலை. செம மேகம்."

"எத்தனை பேர் கிளம்புனீங்க?"

"நாலு பேர்."

"எத்தனை பேர் போய்ச் சேர்ந்தீங்க?"

"நான்" என்றான் அசோக்.

"மத்தவங்க?"

"நான் மலையில மோதிட்டேன்" என்றாள் வித்யா.

"எனக்குத் தப்பான எக்ஸிட்" என்றார் இரண்டு டீயோடு திரும்பி வந்த தங்கராஜு. "பள்ளத்தாக்குல இடது பக்கம் போறதுக்குப் பதிலா வலது பக்கம் திரும்பிட்டேன். முன்னாடி மலை. ரிவர்ஸ் எடுக்க முடியல."

"பாய் எங்க போனாருன்னே தெரியல அக்கா" என்றான் அசோக்.

"நானும் தேடிக்கிட்டுத்தான் இருந்தேன்" என்றார் முகைதீன். தங்கராஜு ஒரு டீயை அவர் முன்னால் வைத்தார். முகைதீனுக்கு டீ வாங்குவது எப்போதும் தங்கராஜுதான். காரணத்தை யாரும் கேட்டதில்லை.

விசாலாட்சி நாலு பேரையும் வரிசையாகப் பார்த்தார். "ஆளைக் காணோம்னு தெரிஞ்சும் நீங்க போய்க்கிட்டே இருந்தீங்களா, தம்பி?"

"அக்கா, இது சிமுலேட்டர். யாரும் சாக மாட்டாங்க."

"சாக மாட்டாங்க. தொலைஞ்சு போவாங்க இல்ல?"

விசாலாட்சி உட்கார்ந்தார். கைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

பாதை எளிதுதான். தெற்கே சமவெளியில் நேபாள்கஞ்சில் கிளம்பி, வடக்கே மலைக்குள் ஜும்லாவில் இறங்குவது. அங்கிருந்து இன்னும் உள்ளே, ரோடு எட்டாத சிமிகோட். ஒன்பதாயிரம் அடிக்கு மேலே, மலைச்சரிவில் வெட்டிய ஒரு சின்ன ஓடுபாதை. சிங்கப்பூரின் உயர்ந்த மலையான புக்கித் தீமாவை அதன் பக்கத்தில் வைத்தால் வேகத்தடை மாதிரி இருக்கும். வித்யா வரைபடத்தைத் திருப்பித் திருப்பிக் காட்டினாள்.

"விமானத்துல எத்தனை சீட்டு?" என்று கேட்டார் விசாலாட்சி.

"பத்தொன்பது."

"நாலு விமானத்துல எழுபத்தாறு சீட்டு. ஆள் நாலு. ஒரே விமானத்துல போனா என்ன?"

"அப்ப யாரு ஓட்டுறது?" என்று நாலு பேரும் ஒரே நேரத்தில் கேட்டார்கள். அந்த விஷயத்தில் மட்டும் குழு ஒற்றுமையாக இருந்தது. விசாலாட்சி விட்டுவிட்டார். மற்ற எதையும் விடவில்லை.

மூன்று நாளில் நாலு பக்கத் திட்டம் வாட்ஸ்அப்பில் வந்தது. அவரவர் வீட்டிலிருந்து ஓட்டக் கூடாது. ஞாயிறு ஒன்றரை மணியிலிருந்து ஐந்தரை வரை சமூக மன்றத்தில் ஓர் அறை பதிவாகியிருக்கிறது. சமூக மன்றத்துக்கு நேராக வரக் கூடாது. லிட்டில் இந்தியா எம்ஆர்டி ரயில் நிலைய வாசலில் கூடி, அங்கிருந்து சேர்ந்து நடக்க வேண்டும். பெயர், அடையாள அட்டையின் கடைசி நான்கு எழுத்துகள், ரத்த வகை, அவசரத்துக்குக் கூப்பிட வேண்டியவர் எண். சைவமா, அசைவமா. வாந்தி வருமா.

'ரத்த வகை எதுக்கு அக்கா?' என்று அசோக் கேட்டிருந்தான்.

'ஒன்பதாயிரம் அடி' என்று பதில் வந்தது.

பறக்கும் வரிசையும் அதில் இருந்தது. முதலில் தங்கராஜு, அடுத்து முகைதீன், மூன்றாவது வித்யா, கடைசியாக அசோக். அன்று இரவே அசோக் போன் செய்தான்.

"அக்கா, நான்தான் ஃபாஸ்ட். நான் லாஸ்ட்டா?"

"மெதுவா போறவங்க முன்னாடி போகணும் தம்பி. அப்பத்தான் யாரும் பின்தங்க மாட்டாங்க. நீங்க பின்னாடி இருந்து எல்லாரையும் பாத்துக்கிட்டே வாங்க."

"தங்கராஜு அண்ணன் நூத்தி இருபதுக்கு மேல போக மாட்டாரு!"

"பொறுப்பான மனுஷர்" என்றார் விசாலாட்சி.

கடைசிப் பக்கத்தில் ஒரே ஒரு விதி, தடித்த எழுத்தில்: ஒவ்வொரு நிறுத்தத்திலும் பெயர் கூப்பிடப்படும். அவரவர் வாயால் பதில் சொல்ல வேண்டும். அடுத்தவருக்காகச் சொல்லக் கூடாது.

அதைப் படித்துவிட்டு வித்யா ஒரு கட்டைவிரல் போட்டாள். முகைதீன் ஒரு பூ போட்டார். தங்கராஜு பார்த்ததற்கு நீலக் குறி விழுந்தது, வேறொன்றும் வரவில்லை.

வியாழக்கிழமை பாப்பம்மாள் கூப்பிட்டார். விசாலாட்சி வசிக்கும் அடுக்குமாடி புளோக்கின் குடியிருப்பாளர் குழுச் செயலாளர். டிசம்பர் மாதம் புளோக் ஆட்கள் நாற்பது பேர் கேமரன் மலை போகிறார்கள். வருடா வருடம் கேட்பதைப் போல இந்த வருடமும் கேட்டார்.

"நீ வர்றியா இல்லையா சொல்லிடு விசாலம். திங்கட்கிழமை பஸ்ஸைக் கன்ஃபர்ம் பண்ணணும். நீ இல்லன்னா யாரோ ஒரு பையனை அனுப்புறாங்களாம். அவனுக்கு முப்பது வயசுகூட இல்ல, மைக்ல இங்கிலீஷ் பாட்டு போடுவானாம்."

மற்ற வருடங்களில் இந்த இடத்தில் விசாலாட்சி முட்டி வலி என்று சொல்வார். இந்த முறை முட்டி வலிக்கவில்லை.

"ஞாயிறு முடியட்டும் அக்கா."

"ஞாயிறு என்ன?"

"நாலு பேரைக் கூட்டிக்கிட்டு நேபாளம் போறேன். நாலு பேரையும் திரும்பக் கொண்டுவந்துட்டா, திங்கட்கிழமை சரின்னு சொல்றேன். ஒருத்தர் குறைஞ்சாலும் அந்தப் பையனையே கூப்பிட்டுக்குங்க."

"எப்ப திரும்பி வர்றே?"

"அஞ்சரைக்கு. அதுக்கப்புறம் அந்த ரூம்ல லைன் டான்ஸ்."

பாப்பம்மாள் போனை வைத்தார்.

ஞாயிறு ஒன்றரைக்கு எம்ஆர்டி வாசலில் நாலு பேரும் இருந்தார்கள். வித்யாவும் தங்கராஜுவும் மடிக்கணினியோடு வந்திருந்தார்கள். அசோக் முதுகுப்பையில் ஏதோ ஒரு விமானத்தின் பாதியைச் சுமந்து வந்திருந்தான். சுக்கான், நெம்புகோல், மிதிகள். முகைதீனிடம் மடிக்கணினி கிடையாது. மேசைக் கணினியைச் சந்தைக்குக் காய்கறி வாங்கப் போகும் தள்ளுவண்டியில் வைத்து, திரையைத் துண்டால் சுற்றி, இழுத்துக்கொண்டு வந்தார். விசாலாட்சி எல்லோருக்கும் கழுத்தில் பெயர் அட்டை மாட்டினார். கையிலிருந்த மஞ்சள் கொடியை உயர்த்தினார். நாலு பேரும் அதன் பின்னால் நடந்தார்கள். பஃபலோ சாலையில் ஒரு சுற்றுலாக் கூட்டம் தங்களுடைய கொடி என்று நினைத்துக் கொஞ்ச தூரம் கூடவே வந்தது. விசாலாட்சி எண்ணிப் பார்த்து, அதிகமாக இருந்தவர்களைத் திருப்பி அனுப்பினார்.

அறையில் கணினிகளை மாட்டி முடித்தபோது சிமுலேட்டர் தன்னைப் புதுப்பித்துக்கொள்ள வேண்டும் என்று சொன்னது. நாலு கணினியிலும் சொன்னது. ஒரு மணி பத்து நிமிடம் ஆயிற்று. அந்த நேரத்தில் பிரியாணிப் பொட்டலங்களைப் பிரித்தார்கள். விசாலாட்சி பாதுகாப்பு விளக்கம் கொடுத்தார். இருக்கை வார் இல்லாததால் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொள்ளும்படி கேட்டுக்கொண்டார்.

மூன்று இருபதுக்கு நேபாள்கஞ்சிலிருந்து தங்கராஜு கிளம்பினார். ஒரு நிமிட இடைவெளியில் மற்ற மூவர். சமவெளி முடிந்து மலை ஏறத் தொடங்கியது. முதலில் பச்சை, பிறகு பழுப்பு, அதற்கும் பின்னால் வெள்ளை. விசாலாட்சி நாலு நாற்காலிகளுக்குப் பின்னால் குறுக்கும் நெடுக்கும் நடந்தார், பஸ்ஸின் நடைபாதையில் நடக்கும் அதே ஆட்டத்தோடு.

"அண்ணே, கொஞ்சம் மிதிங்கண்ணே" என்றான் அசோக். "நான் பின்னாடி விழுந்துருவேன் போல. விமானம் மெதுவா போனா விழுந்துரும்ணே, பஸ் கிடையாது."

"முன்னாடி வளைவு இருக்கு" என்றார் தங்கராஜு.

"அது பத்து கிலோமீட்டர் தள்ளி இருக்கு!"

"இப்பவே குறைச்சாத்தான் உண்டு."

"பாய், நீங்க எங்க இருக்கீங்க?" என்று கேட்டாள் வித்யா.

"தங்கராஜு வால் தெரியுது. அதைப் பாத்துக்கிட்டே போறேன். அவர் மலையில மோதுனா நானும் மோதுவேன். பேச்சு மாற மாட்டேன்."

யாரும் மோதவில்லை. இதுவே குழுவின் வரலாற்றில் முதல் தடவை. நாலு மணிக்கு ஜும்லா பள்ளத்தாக்கு திறந்தது. தங்கராஜு நிறுத்தத்தில் பஸ்ஸை ஓரங்கட்டுவது போல மெதுவாக இறங்கினார். முகைதீன் இறங்கினார். வித்யா இறங்கினாள். அசோக் மட்டும், கடைசியில் வந்த கோபத்தில் வேகமாக வந்து, பாதி ஓடுபாதையைத் தாண்டியும் தரையைத் தொடாமல் மறுபடி மேலே ஏறிப் போனான். விசாலாட்சி அவன் நாற்காலிக்குப் பின்னால் நின்று, "பரவாயில்ல தம்பி, சுத்திட்டு வாங்க, சுத்திட்டு வாங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவன் இரண்டாவது முறையும் சுற்றி, மூன்றாவது முறை இறங்கியபோது மணி நாலு இருபத்தைந்து.

"பத்து நிமிஷம் பிரேக்" என்று அறிவித்தார். "நாலு முப்பத்தஞ்சுக்கு எல்லாரும் சீட்ல இருக்கணும். நாலு அம்பதுக்குள்ள கிளம்புனாத்தான் அஞ்சே கால் அஞ்சு இருபதுக்குச் சிமிகோட்."

நாலு முப்பத்தைந்து. விசாலாட்சி பட்டியலை அட்டையில் செருகி, பேனாவைத் திறந்தார். பட்டியல் படிக்கும்போது அவர் பட்டியலைத்தான் பார்ப்பார்.

"தங்கராஜு."

"இருக்கேன்."

டிக்.

"முகைதீன்."

"இருக்காரு."

பேனா தாளில் பட்டுவிட்டது. டிக்கின் முதல் பாதி விழுந்துவிட்டது. இரண்டாவது பாதி வரவில்லை.

விசாலாட்சி தலையைத் தூக்கினார். இரண்டாவது நாற்காலியில் யாரும் இல்லை. அதன் முதுகில் பெயர் அட்டை ஒன்று தொங்கியது. தங்கராஜு திரையைப் பார்த்தபடியே இருந்தார். ஜும்லா விமான நிலையத்தில் அவர் விமானத்துக்குப் பக்கத்தில் முகைதீனின் விமானம் நின்றது, அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அறை அமைதியானதும் மெதுவாகத் திரும்பி, நாற்காலியைப் பார்த்தார். பிறகு விசாலாட்சியைப் பார்த்தார்.

"இன்னொரு தடவை சொல்லுங்க" என்றார் விசாலாட்சி.

"என்ன?"

"இப்ப சொன்னீங்களே, அதை."

மறுபடி சொல்லத் தேவையே இருக்கவில்லை. பஸ்ஸின் பின்பக்கத்திலிருந்து, இஞ்சின் சத்தத்துக்கு மேலே, பதினாறு வருடம் பழைய குரல். கொஞ்சம் கரகரத்திருந்தது, அவ்வளவுதான்.

"நீங்களா?" என்றார் விசாலாட்சி.

"அன்னிக்கு நானும் பயணியா வந்திருந்தேன்ம்மா. பக்கத்து சீட்டுல பாயோட பை இருந்துச்சு" என்றார் தங்கராஜு. "முட்டைக்கோஸ் இருந்துச்சு. தொழுதுட்டு வர்றேன்னு எங்கிட்ட சொல்லிட்டுத்தான் போனார். நான் தொடோல் இனிப்பு வாங்கப் போயிட்டேன். திரும்பி வந்து பாத்தா பை இருந்துச்சு, ஆளும் எங்கேயோ பின்னாடி பேசிக்கிட்டு இருக்கார்னு நினைச்சேன். நீங்க கூப்பிட்டதும் வாயில வந்துருச்சு."

"அப்புறம் ஆபீஸ்ல கேட்டாங்களே."

"கேட்டாங்க. முதல் நாள் பயமா இருந்துச்சு. ரெண்டாவது நாள் நீங்க வேலைய விட்டுட்டீங்கன்னு சொன்னாங்க. அதுக்கப்புறம் எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

வித்யா பெரியம்மாவின் முகத்தைப் பார்த்தாள். அதில் ஒன்றும் தெரியவில்லை. விசாலாட்சி தாளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், பாதி டிக்கை.

"இப்ப பாய் எங்க?" என்று கேட்டார்.

தங்கராஜு கதவைக் காட்டினார். "பள்ளிவாசலுக்கு. அஸர் தொழ. உங்ககிட்ட சொல்லிடச் சொன்னார். நான் விமானத்தைப் பார்க் பண்ணிக்கிட்டு இருந்தேன்…"

பள்ளிவாசல் நடந்து போனால் பத்து நிமிடம். திரும்ப பத்து நிமிடம். அசோக் கணக்கைப் போட்டுவிட்டான்.

"அக்கா, டைம் இல்ல. நாங்க மூணு பேர் கிளம்பிடுறோம். பாய் வந்து பின்னாடி பிடிச்சுக்குவார். மூணு பேர் போய்ச் சேர்ந்தாலே நமக்கு ரெக்கார்டு. சிமிகோட் அக்கா! எத்தனை பேர் அங்க இறங்கியிருக்காங்க?" சொல்லிக்கொண்டே நெம்புகோலைத் தள்ளினான். அவன் திரையில் ஜும்லா மெல்ல நகர ஆரம்பித்தது.

விசாலாட்சி சுற்றி வந்து அவனுக்கும் திரைக்கும் நடுவில் நின்றார். அசோக்குக்கு நேபாளம் தெரியவில்லை, ஒரு நீலப் புடவைதான் தெரிந்தது.

"கைய எடுங்க தம்பி."

"அக்கா, ஓடுபாதையை விட்டு வெளிய போயிருவேன்!"

"அப்ப பிரேக் போடுங்க."

அசோக் பிரேக் போட்டான். விசாலாட்சி அங்கிருந்து நகராமல் தங்கராஜு பக்கம் திரும்பினார்.

"போய்க் கூட்டிக்கிட்டு வாங்க."

"போன் பண்ணவா?"

"தொழுகையில போனை எடுக்க மாட்டாரு. நடந்து போங்க. வாசல்ல நில்லுங்க. வெளிய வந்ததும் கையப் புடிச்சுக் கூட்டிக்கிட்டு வாங்க."

தங்கராஜு பெயர் அட்டையோடு வெளியே போனார். வித்யா ஒரு தண்ணீர் போத்தலைத் திறந்து பெரியம்மாவிடம் கொடுத்தாள். விசாலாட்சி குடித்தார்.

"எனக்குக் காது நல்லாத்தான் கேட்டிருக்கு" என்றார்.

"ஆமா பெரியம்மா."

"நல்லாவே கேட்டிருக்கு." மூடியைத் திருகினார். "ஆனா தலையைத் தூக்கிப் பாத்திருக்கலாம். அதை நான் பாக்கல."

நாலு ஐம்பது தாண்டியது. ஐந்து மணிக்குக் கதவு கொஞ்சம் திறந்து, மேடம் லிம் எட்டிப் பார்த்தார். லைன் டான்ஸ் குழுவின் தலைவி. பின்னால் ஊதா டி-ஷர்ட்டில் பதினெட்டுப் பெண்கள், அரை மணி முன்னதாகவே.

"ஃபினிஷ் ஆல்ரெடி ஆ?"

"நாட் யெட், மேடம்" என்றார் விசாலாட்சி. "ஒன் பெர்சன் மிஸ்ஸிங்."

மேடம் லிம் அறையைப் பார்த்தார். மஞ்சள் கொடியைப் பார்த்தார். அவரும் எத்தனையோ சுற்றுலா போனவர்தான். "ஓ. தென் வெய்ட் லா" என்று கதவைச் சாத்தினார்.

ஐந்து மணி எட்டு நிமிடத்துக்கு இருவரும் வந்தார்கள். தங்கராஜு சொன்னபடியே முகைதீனின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். முகைதீன் இன்னொரு கையில் ஒரு பை வடை வைத்திருந்தார்.

"என்னம்மா, வண்டி போகலையா?" என்றார். குரலில் உண்மையான ஆச்சரியம் இருந்தது.

"ஆள் குறையுது பாய்."

முகைதீன் வடைப் பையை மேசையில் வைத்தார். நாற்காலி முதுகில் தொங்கிய அட்டையை எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டார்.

"வழியில சொல்லிட்டார்" என்றார், தங்கராஜுவைக் காட்டி. "பதினாறு வருஷம் டீ வாங்கிக் கொடுத்தப்பவே எனக்குச் சந்தேகம் வந்திருக்கணும். நல்ல மனுஷன்னு நினைச்சுட்டேன்."

"பாய்…" என்றார் தங்கராஜு.

"டீயை நிறுத்தாதீங்க. கதையில மட்டும் இனி உங்க பேர் வரும். கோழியை விட நல்லா இருக்கும்."

அசோக் கடிகாரத்தைக் காட்டினான். "இருபத்திரண்டு நிமிஷம் இருக்கு அக்கா. இப்பவே கிளம்பி, நான் முன்னாடி போனா, நான் மட்டுமாவது…" முடிக்கும் முன்பே தான் சொன்னது அவனுக்கே கேட்டுவிட்டது. கையை மடியில் வைத்துக்கொண்டான்.

"பயணம் ஜும்லாவோட முடியுது" என்றார் விசாலாட்சி. "சிமிகோட் அடுத்த மாசம். ரூம் நான் புக் பண்றேன். அன்னிக்கு நாலேகாலுக்கு அரை மணி பிரேக்."

பட்டியலை மறுபடி எடுத்தார். இந்த முறை படிக்கவில்லை. தங்கராஜுவின் தோளில் கை வைத்தார். டிக். முகைதீனின் தோளில் கை வைத்தார். பாதியில் நின்ற டிக்கை முடித்தார். வித்யா. அசோக். நாலு திரையிலும் நாலு விமானங்கள் ஏழாயிரத்து எழுநூறு அடி உயரத்தில், பள்ளத்தாக்கின் ஓரத்தில், வரிசையாக நின்றன. அசோக்கின் விமானம் மட்டும் கொஞ்சம் கோணலாக, ஒரு சக்கரம் புல்லில்.

வெளியே லைன் டான்ஸ் பாட்டு ஆரம்பித்துவிட்டது. கணினியைத் தள்ளுவண்டியில் ஏற்ற தங்கராஜு உதவினார்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு விசாலாட்சி பாப்பம்மாளைக் கூப்பிட்டார்.

"நாலு பேரும் வந்தாச்சு. பஸ்ஸைச் சொல்லிடுங்க."

"நேபாளம் நல்லா இருந்துச்சா?"

"பாதி தூரம்தான் போனோம். இன்னும் ரெண்டு பேரைச் சேர்த்துக்குங்க அக்கா. நம்ம புளோக் இல்ல, பரவாயில்லையா? ஒருத்தர் பேர் முகைதீன். இன்னொருத்தர் தங்கராஜு, அவருக்குக் கதவுப் பக்கத்துல முதல் சீட்டு. ஒவ்வொரு ஸ்டாப்பிலயும் அவர்தான் கடைசியா ஏறணும்."

"எதுக்கு?"

"இறங்கித் தேடுறதுக்கு."

அடுத்த வாரம் புளோக்கின் கீழ்த்தள அறிவிப்புப் பலகையில், மின்தூக்கிக்குப் பக்கத்தில், டிசம்பர் பயணத்தின் நிரல் ஒட்டப்பட்டது. மூன்றாம் நாளின் கடைசி வரி இப்படி இருந்தது: 'மாலை 4.30, நெடுஞ்சாலை ஓய்விடம். தொழுகை, கழிவறை, தொடோல். நாற்பத்தைந்து நிமிடம். பெயர் கூப்பிடப்படாது. ஆள் பார்க்கப்படும்.'